அம்மா ஐசியூல இருக்காங்க, பையன ஊருக்கு கூட்டிட்டு போக விட மாட்டேங்கறார், யாராவது வழி சொல்லுங்க

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் வணக்கம். தூக்கமே வரல, அதான் இந்நேரத்துல எழுதறேன். ஊர்ல அம்மா ஐசியூல இருக்காங்க. தம்பி நேத்து போன் பண்ணி உடனே கிளம்பி வாக்கான்னு அழறான். டிக்கெட் போடலாம்னா என் வீட்டுக்காரர், இந்த நாட்டுக்காரர், பையன விட மாட்டேங்கறார், நீ வேணா போ, அவன் இங்கயே இருக்கட்டும்ங்கறார். கல்யாணம் ஆகி அஞ்சு வருஷத்துல ஒரு தடவ கூட ஊருக்கு போகல, எப்ப கேட்டாலும் அடுத்த வருஷம்னு சொல்லுவார். மாமியாரும் எங்ககூடதான் இருக்காங்க, பையன்கிட்ட நான் தமிழ்ல பேசினா முகம் சுளிப்பாங்க, இப்ப அவனே என்கிட்ட தமிழ்ல பேச மாட்டேங்கறான். யார்கிட்டயும் சொல்லாம பையன கூட்டிட்டு ஃப்ளைட் ஏறிட்டா என்ன ஆகும்? ஏர்போர்ட்ல பிடிச்சு வெச்சிடுவாங்களா?

தெற்குவாசல்:
யோசிக்காம கிளம்புங்க சிஸ்டர். பிள்ளைய நாடு விட்டு நாடு தூக்கிட்டு போனா திருப்பி அனுப்பணும்ங்கற 1980 ஹேக் ஒப்பந்தத்துல இந்தியா சேரவே இல்ல. நம்ம மண்ணுல இறங்கிட்டா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. பெத்த தாய்க்கு இல்லாத உரிமையா?

கரையோரம்:
மேல சொன்னத தயவு செஞ்சு கேக்காதீங்க. ஒப்பந்தத்துல இந்தியா இல்லங்கறது உண்மைதான், ஆனா அதோட கதை முடிஞ்சிடாது. அவர் இருக்கற நாட்டு கோர்ட்டுக்கு போய் பிள்ளை பொறுப்ப தன் பேருக்கே வாங்கிடுவார், உங்க மேல கிரிமினல் கேஸ் வரும், அப்புறம் நீங்க அந்த நாட்டுல கால் வெக்கவே பயப்படணும். இந்தியாவுலயும் நிச்சயம் கிடையாது. 2015-ல தமிழ்நாட்டுக்கு பிள்ளைங்கள கூட்டிட்டு வந்த ஒரு அம்மா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இங்கிலாந்து கோர்ட் உத்தரவுக்கு மதிப்பு கொடுத்துச்சு, 2017-ல இன்னொரு கேஸ்ல பிள்ளையோட நலன்தான் பெருசுன்னு அம்மாகிட்டயே விட்டாங்க. எது நடக்கும்னு யாராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது. எந்த நாட்டுல இருக்கீங்க, அத முதல்ல சொல்லுங்க.

பனிப்பூ:
தங்கச்சி, நான் இலங்கை. எங்கட நாடு 2001-லயே அந்த ஒப்பந்தத்தில சேந்திட்டுது, அதால எனக்கு அந்த வழியும் இருக்கேல்ல. நான் 1992-ல வந்தனான், என்ர மனுசன் இந்த நாட்டுக்காரர். முதல் குளிர்காலம் நாலு மாசம் வீட்ட விட்டு வெளிய போகேல்ல, பாஷை தெரியாது, கதைக்க ஒரு சனமும் இல்ல, ஜன்னலுக்கு பக்கத்தில கதிரைய போட்டு கீழ பஸ் வாறதையும் போறதையும் எண்ணிக்கொண்டு இருந்தனான். அம்மா செத்ததுக்கும் போகேல்ல. முப்பது வருசமாச்சு, அந்த நினைப்பு இன்னும் போகேல்ல. நீங்கள் தனியவெண்டாலும் போய் அம்மாவ பாத்திட்டு வாங்கோ.

ஊர்க்குருவி:
பனிப்பூ அக்கா, மன்னிச்சிடுங்க, தனியா போகச் சொல்லாதீங்க. ஒரு வாரம்னு சொல்லிட்டு போனேன், திரும்பி வந்தா வீட்டு பூட்ட மாத்தியிருந்தாங்க. பிள்ளைய விட்டு ஒரு நாள் கூட நகரக் கூடாது.

சாமானியன்:
வீட்ல சொன்னத கேட்டு நம்ம ஆளா பாத்து கட்டியிருந்தா இந்த நிலைமை வருமா?

ஊர்க்குருவி:
என் பாஸ்போர்ட்ட பிடுங்கி வெச்சதும் பூட்ட மாத்தினதும் ஜாதகம் பாத்து கட்டி வெச்ச நம்ம ஆள்தான். அந்தம்மா தூங்காம உக்காந்து எழுதியிருக்காங்க, அவங்ககிட்ட கேக்கற கேள்வியா இது.

தெற்குவாசல்:
இந்த நாடுகள்ல விசா ஆபீஸ்ல ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கறதுக்குள்ள உயிரே போயிடும். போன வருஷம் மெயில் மேல மெயில் போட்டேன், ஒரு பதிலும் இல்ல. இதுல எங்க போய் நியாயம் கேக்கறது.

கரையோரம்:
ஆமா, எனக்கும் அதே கதைதான், விசா கார்டு கைக்கு வரதுக்குள்ள வேலையே போயிடுச்சு. சரி அது கிடக்கட்டும். நிலாமுற்றம், இருக்கீங்களா?

நிலாமுற்றம்:
இருக்கேன். பதட்டத்துல நாட்டையே சொல்லாம விட்டுட்டேன். ஜெர்மனி. என் விசா அவர் மூலமா வந்தது. பையனுக்கு நாலு வயசு, ஜெர்மன் பாஸ்போர்ட். அவன் பாஸ்போர்ட்டும் என்னோடதும் அவர் லாக்கர்லதான் இருக்கு, சாவி அவர்கிட்ட. விவாகரத்துன்னு போனா உன்னை நாடு கடத்திடுவாங்க, பையன் எனக்குத்தான்னு சொல்றார். அடிக்கறதில்ல. போன மாசம் சாவிய கேட்டப்ப கைய முறுக்கினார், ரெண்டு நாள் வீங்கி இருந்துச்சு, அத அடின்னு சொல்லலாமான்னு எனக்குத் தெரியல.

வழித்துணை:
அது அடிதான்மா. தேதிய எழுதி வெச்சுக்கோங்க, வீங்கின போட்டோ இருந்தா நம்பிக்கையான யாருக்காவது அனுப்பிட்டு உங்க போன்லேர்ந்து அழிச்சிடுங்க.

நான் ஜெர்மனியிலதான் இருக்கேன், இதே பாதையில நடந்தவ. முதல்ல அந்த நாடு கடத்தற பயத்த விடுங்க. கல்யாண வாழ்க்கை இங்க மூணு வருஷம் நடந்திருந்தா வெளிநாட்டுக்காரங்க தங்கறதுக்கான சட்டத்துல 31-வது பிரிவுல உங்களுக்கு தனியா விசா கேக்கலாம், வன்முறைன்னா அந்த மூணு வருஷம் கூட பாக்காம கொடுக்க வழி இருக்கு. அதவிட முக்கியம், உங்க பையன் ஜெர்மன் குடிமகன், அவன வளக்கற அம்மாவுக்கு அதே சட்டத்துல 28-வது பிரிவுல தங்கற உரிமை உண்டு, அவரோட சேந்து இருக்கணும்னு அவசியமே இல்ல. விவாகரத்து ஆனாலும் பிள்ளை பொறுப்பு ரெண்டு பேருக்கும் பொதுவாத்தான் இருக்கும், கோர்ட் மாத்தினாத்தான் மாறும். பையன் எனக்குத்தான்னு அவர் வாயால சொன்னா ஆயிடாது.

அதே பொது பொறுப்புதான் உங்களையும் கட்டிப் போடுது. சொல்லாம தூக்கிட்டு போனா இங்க கிரிமினல் சட்டம் 235-வது பிரிவுல குற்றம். அவனுக்கு இந்திய விசா போடவும் ரெண்டு பேர் கையெழுத்தும் கேப்பாங்க. அதனால அந்த யோசனைய இன்னைக்கே விட்டுடுங்க.

காலையில உங்க ஏரியா ஆம்ட்ஸ்கெரிஷ்ட்டுக்கு, அதாவது உள்ளூர் கோர்ட்டுக்கு போங்க. உள்ள நம்ம வாயால சொல்றத மனுவா எழுதிக்கற ஒரு அறை இருக்கும், இந்த மனுவுக்கு வக்கீல் கட்டாயம் இல்ல. பாட்டி ஐசியூல இருக்காங்க, அப்பா சம்மதம் தர மறுக்கறார், இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் முடிவு பண்ற உரிமைய எனக்கு கொடுங்கன்னு அவசர உத்தரவு கேளுங்க. பாஸ்போர்ட்ட கொடுக்கச் சொல்லியும் சேத்து கேளுங்க. ஆஸ்பத்திரி லெட்டர தம்பிகிட்ட இங்கிலீஷ்ல வாங்கிக்கோங்க, திரும்பி வர டிக்கெட் விவரமும் வேணும், ஏன்னா இந்தியா ஒப்பந்தத்துல இல்லாததால நீங்க திரும்பி வர மாட்டீங்கன்னுதான் அவர் தரப்பு பேசும். வக்கீல்கிட்ட யோசனை கேக்கணும்னா அதே கோர்ட்ல சட்ட உதவிச் சீட்டு தருவாங்க, வருமானம் இல்லன்னா அத காட்டினா வக்கீல் 15 யூரோவுக்கு மேல வாங்க மாட்டார். யூகென்ட்ஆம்ட்டு, அதாவது பிள்ளைங்க நலன பாக்கற அரசு ஆபீஸ்னா பிள்ளைய பிடுங்கிடுவாங்கன்னு நம்ம ஆளுங்க பயமுறுத்துவாங்க, எனக்கு அங்கதான் உருப்படியா ஒருத்தங்க உக்காந்து பேசினாங்க.

உங்க பாஸ்போர்ட்ட அவர் பூட்டி வெக்க முடியாது, அது இந்திய அரசாங்கத்தோட சொத்து. பெர்லின்ல தூதரகமும் ஃப்ராங்க்ஃபர்ட், ஹாம்பர்க், மியூனிக்ல கான்சுலேட்டும் இருக்கு, போன் பண்ணி அவசரம்னு சொல்லுங்க.

இப்பவே கூப்பிட 116 016, பெண்களுக்கானது, ராத்திரியும் எடுப்பாங்க, இலவசம், பேர் சொல்ல வேண்டாம், இங்கிலீஷ்லயும் பேசலாம். மறுபடி கை வெச்சார்னா போலீசுக்கு 110. வன்முறை பண்ணவன வீட்ட விட்டு வெளிய அனுப்ப 2002-லேர்ந்தே இங்க சட்டம் இருக்கு.

உத்தரவு வரதுக்குள்ள அம்மாவுக்கு ரொம்ப முடியாம போனா தனியா போறத பத்தியும் யோசிங்க. ஊர்க்குருவிக்கு நடந்தது கொடுமைதான், அதனாலதான் என்னைக்கு போறேன் என்னைக்கு திரும்பறேன்னு அவருக்கு மெயில் போட்டு, யூகென்ட்ஆம்ட்லயும் சொல்லிட்டு போகணும். ரெண்டு வாரம் போறதால விசாவும் போகாது, பிள்ளை பொறுப்பும் போகாது. கிளம்பறதுக்கு முன்னாடி அவனோட பிறப்பு சான்றிதழ், உங்க விசா கார்டு, கல்யாண சான்றிதழ், பையனோட அந்த மஞ்சள் கலர் டாக்டர் செக்கப் புத்தகம் எல்லாத்தையும் போட்டோ எடுத்து தம்பிக்கு அனுப்பிடுங்க.

பனிப்பூ:
பிள்ளை, கோர்ட்டுக்கு துணைக்கு ஆள் வேணுமெண்டால் சொல்லுங்கோ. டொச், ஜெர்மன் பாஷை, நல்லா கதைப்பன், ரயில் ஏறி வாறன்.

நிலாமுற்றம்:
அக்கா, தனி மெசேஜ்ல ஊர் பேர் அனுப்பியிருக்கேன். அந்த நம்பருக்கு பாத்ரூம் குழாய திறந்து விட்டுட்டு பேசினேன், காலையில 9 மணிக்கு திரும்ப கூப்பிடச் சொன்னாங்க. மஞ்சள் புத்தகம் கிடைச்சிடுச்சு, பையனோட கிண்டர்கார்டன் பைக்குள்ள இருந்துச்சு. பிறப்பு சான்றிதழ் இன்னும் தேடிட்டு இருக்கேன். தம்பி இப்பதான் மெசேஜ் போட்டான், அம்மா கண்ண திறந்து பேரன கேட்டாங்களாம்.