முதல் ஸ்லைடு ரோல்: பாதி வெளுப்பு, பாதி கறுப்பு. லேப் தப்பா, என் தப்பா?

புளியரைக்காரன்:
வணக்கம். பத்து வருஷமாக நெகட்டிவ் மட்டும்தான், கேமரா பென்டாக்ஸ் கே1000. போன மாதம் ஆசைப்பட்டு ஒரு எக்டாக்ரோம் இ100 ஸ்லைடு ஃபிலிம் (கழுவியதும் ஃபிலிமிலேயே நேர்ப்படம் வருமே, அது) வாங்கி பாலருவி, கழுதுருட்டி பதிமூணு கண் பாலம், அப்புறம் செங்கோட்டையில் ஒரு கல்யாண வீடு என்று 36 படத்தையும் தீர்த்தேன். வெளியூர் லேப்புக்குக் கூரியரில் போய் வந்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்ததும் வயிறு எரிந்துவிட்டது. வாசலில் வெயிலில் நின்ற மாமாக்களின் வேட்டி வெறும் கண்ணாடி, கரைகூடத் தெரியவில்லை. எதிர்வெயிலில் எடுத்த பாலமோ தூணெல்லாம் கரிக்கட்டை. நெகட்டிவுக்குச் செய்கிற மாதிரியே 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்குக் கேமராவில் ஐஎஸ்ஓவை 50-இல் வைத்து ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, கூட்டித்தான் எடுத்தேன். லேப்பில் கேட்டால் "எங்க பக்கம் சரியா இருக்கு" என்கிறார்கள்.

தென்காசி சாரல்:
சண்டைக்குப் போகும் முன் ஃபிலிமின் ஓரத்தைப் பாருங்கள். படம் விழாத இடம், அதாவது ஃபிரேமுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில், கன்னங்கரேல் என்று இருக்கிறதா? ஓரத்து எண்கள் பளிச்சென்று தெரிகிறதா? அந்த எண்கள் ஃபிலிம் செய்த இடத்திலேயே பதிந்தவை, உங்கள் கேமராவுக்கு அதில் பங்கில்லை. அதுவும் மங்கலாகவோ கறுப்பு பழுப்படித்தோ இருந்தால் லேப்பைக் கேட்கலாம்.

புளியரைக்காரன்:
பார்த்தேன். கரேல்தான். எண்ணும் பளிச். போச்சு.

கொல்லம் ரோடு:
பேட்டரி பாருங்க தம்பி. கே1000-க்கு லென்ஸ் மூடி போடாம வச்சா வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும்.

தென்காசி சாரல்:
அது உண்மைதான் அண்ணாச்சி, ஆனால் மீட்டர் கோளாறு என்றால் எல்லாப் படமும் ஒரே பக்கம் சாயுமே. இங்கே பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம்.

தம்பி, விஷயம் அந்த 50-தான். நெகட்டிவுக்கு வெளிச்சம் இரண்டு ஸ்டாப் கூடினாலும் பிரிண்டில் சமாளிக்கலாம், குறைந்தால்தான் நிழல் செத்துப்போகும். ஸ்லைடு நேர்மாறு. நீங்கள் கையில் பிடித்திருப்பதே கடைசிப் படம், நடுவில் பிரிண்ட் போட்டுத் திருத்த ஆளில்லை. வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவில் சுமார் ஐந்து ஸ்டாப் வித்தியாசம்தான் தாங்கும், வெளுத்த இடத்தில் சாயமே மிஞ்சாது. அதனால் 100-இலேயே வையுங்கள், கணக்கை வெளிச்சமான இடத்திலிருந்து தொடங்குங்கள்.

கே1000 மீட்டர் ஃபிரேம் முழுவதையும் சராசரி பார்க்கிறது. மாமாக்களுக்குப் பின்னால் இருட்டு வாசல், அதைப் பார்த்து மீட்டர் தாராளமாகத் திறந்துவிட்டது, மேலே உங்கள் ஒரு ஸ்டாப் வேறு. பாலத்தில் பாதி ஃபிரேம் வானம், அங்கே மீட்டர் மூடிக்கொண்டது, நீங்கள் கூட்டியதும் போதவில்லை. அடுத்த முறை பக்கத்தில் போய் வேட்டி மட்டும் ஃபிரேம் நிறைய வருகிற மாதிரி அளந்து, மீட்டர் சொன்னதிலிருந்து ஒன்றரை ஸ்டாப் திறந்து (வெளிச்சம் கூட்டி), அப்புறம் பின்னால் வந்து எடுங்கள். வேட்டி இல்லாத இடத்தில் அதே வெயிலில் உங்கள் உள்ளங்கையை அளந்து ஒரு ஸ்டாப் திறக்கலாம். யார் உள்ளங்கையானாலும் வெளுப்பு ஏறக்குறைய ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் அரை ஸ்டாப் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று. ஃபிலிம் விலைக்கு இது வலிக்கும், தெரியும்.

கொல்லம் ரோடு:
பாலருவி படம் நீலமா வந்திருக்குமே?

புளியரைக்காரன்:
ஆமாம் அண்ணாச்சி! பாறையெல்லாம் நீலம்.

கொல்லம் ரோடு:
மர நிழல்ல வானத்து வெளிச்சம் மட்டும்தான் விழும். இந்த ஃபிலிம் பகல் வெயிலுக்குச் செஞ்சது, வெளிச்சத்தோட நிறக் கணக்குல 5500 கெல்வின். நீலத்தைக் குறைக்கிற 81ஏ ஃபில்டர் ஒண்ணு லென்ஸ்ல மாட்டுங்க. இந்த ஃபிலிமை 2012-இல் நிறுத்தி 2018-இல் திரும்பக் கொண்டு வந்தாங்க. நம்ம செங்கோட்டை - புனலூர் ரயில் பாதையும் 2010-இல் மூடி அதே 2018-இல்தான் திறந்தது. ரெண்டுக்கும் காத்துக் கிடந்தவன் நான்.

புளியரைக்காரன்:
இந்த ரோலில் எதையாவது மீட்க முடியுமா?

தென்காசி சாரல்:
பாலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நல்ல ஸ்கேனரில் வைத்தால் தூணில் கொஞ்சம் கல் தெரியும். மாமாக்கள் வேட்டியில் ஸ்கேனர் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

புளியரைக்காரன்:
ஒரு மாமா தினமும் ஃபோன் போட்டுப் படம் எங்கே என்கிறார்.