புதுப்பிப்பு: துருவ இரவில் வியாழன்

நார்வேயின் வடதுருவப் பகுதித் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் உள்ள லாங்இயர்பியன் ஊரில், துருவ இரவின்போது (சூரியன் பல வாரங்கள் உதிக்காத காலம்) கோள்கள் தெரியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். 2026 ஜனவரியில் போய்ப் பார்த்துவிட்டேன். வியாழன் மறையவே இல்லை!

மிதுனத்தில், வானநடுக்கோட்டுக்கு (பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கற்பனைக் கோடு) 22 டிகிரி வடக்கே அது இருந்ததே காரணம். 78 டிகிரி வட அட்சரேகையில் உள்ள அந்த ஊரில், நள்ளிரவில் தெற்கே 34 டிகிரி உயரம். நண்பகலில் வடக்கே 10 டிகிரி. நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு வெகு கீழே இருப்பதால் தடையில்லை. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழல்கிறது. வானம் தெளிந்திருந்தால் பெருஞ்சிவப்புப் புள்ளி (வியாழனில் வீசும் மாபெரும் புயல்) போய்த் திரும்புவதை ஒரே இருளில் பார்க்கலாம். 

சனி அப்போது எட்டு, ஒன்பது டிகிரிக்கு மேல் ஏறவில்லை. பள்ளத்தாக்கின் மலைகள் மறைத்துவிட்டன. வெள்ளி உதிக்கவே இல்லை.

போகிறவர்கள் தொலைநோக்கியின் கண்வில்லைமீது மூச்சு படாமல் பாருங்கள், உடனே உறைந்துவிடும்.