லாஃபி கப்பலில் உயிர் தப்பியவர்களின் பேட்டிகள் எங்கே கிடைக்கும்?

அமெரிக்கக் கடற்படைக் கப்பலான யு.எஸ்.எஸ். லாஃபி (டிடி-724) பற்றித் தமிழில் எழுதும் கட்டுரை பாதியில் நிற்கிறது. 1945 ஏப்ரல் 16 அன்று, ஜப்பானின் ஒக்கினாவா தீவுக்கு வடக்கே ரேடார் காவலில் (எதிரி விமானங்களை முன்கூட்டியே கண்டு எச்சரிக்கும் பணியில்) இருந்த இந்த நாசகாரிக் கப்பலை ஜப்பானியத் தற்கொலை விமானங்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விடாமல் தாக்கின. 32 பேர் இறந்தார்கள், 71 பேர் காயப்பட்டார்கள். கப்பல் மூழ்கவில்லை.

கப்பலின் தளபதி பெக்டனைப் பற்றி நிறையவே கிடைக்கிறது. பீரங்கியருகே நின்று பிழைத்த சாதாரண மாலுமிகள் பிற்காலத்தில் அந்த நாளை எப்படிச் சுமந்தார்கள்? எனக்கு அதுதான் வேண்டும், அது இல்லாமல் கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை.

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் மாலுமிப் பட்டியல்களில் பெயர்களை எடுத்துவிட்டேன். அப்புறம் காங்கிரஸ் நூலகத்தின் படைவீரர் வாய்மொழித் தொகுப்பில் மூன்று வாரம் தேடினேன், சிக்கவில்லை. கப்பல் இப்போது தென் கரோலைனாவில் அருங்காட்சியகமாக இருக்கிறது. நேரில் போக வழியில்லை.

இவை தவிர, லாஃபி மாலுமிகளின் பேட்டிகளை வேறு எங்கே தேடலாம்?