குடும்பக் குழு: அலமாரியில் தொங்கும் ப்ராம் கவுன்கள்

அண்ணி (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா), காலை 8:12
எல்லோருக்கும் வணக்கம். ஒரு உதவி வேண்டும். சான் ஹோசே பக்கம் இருக்கும் நம் வீடுகளில், பிள்ளைகள் ப்ராமுக்கு ஒரே ஒரு ராத்திரி போட்ட நீள கவுன் ஒன்றாவது அலமாரியில் தொங்கும். அதையெல்லாம் சேர்த்து, கவுன் வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறேன். பிப்ரவரி வந்துவிட்டது. ப்ராம் முடிந்த பிறகு கொடுத்தால் அடுத்த வருடம்தான் யாருக்காவது பயன்படும், அதனால் இப்போதே வேண்டும்.

அத்தை (மதுரை), 8:20
ப்ராம் என்றால் பள்ளிக்கூட ஆண்டு விழாவா? அதற்கு எதற்கம்மா தனியாக ஒரு கவுன்?

பாப்பா, 8:24
அத்தைப் பாட்டி, 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே வாக்கில் ஒரு ராத்திரி நடக்கும், சாப்பாடு, டான்ஸ், போட்டோ எல்லாம் இருக்கும். பெண்கள் தரையைத் தொடும் கவுன், பையன்கள் கோட்டு சூட்டு. கவுன் 150, 200 டாலர் சாதாரணமாக ஆகிவிடும், அப்புறம் டிக்கெட், செருப்பு, முடி அலங்காரம் வேறு.

அண்ணி, 8:41
போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். பாப்பாவோடு படிக்கிற ஒரு பெண், எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டு வளர்ந்தவள், "அன்றைக்கு எனக்குக் கடையில் ஷிஃப்ட் இருக்கிறது ஆன்ட்டி, ப்ராமுக்கு வரவில்லை" என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் காரில் வரும்போது பாப்பா சொன்னாள், அந்த ஷிஃப்டை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாளாம், கவுன் வாங்க வழியில்லை என்று வெளியே சொல்லாமல் இருக்க. அவளுக்குச் சரியாக இருக்கக்கூடிய மயில் கழுத்து நிற கவுன் ஒன்று அப்போது என் அலமாரியில் உறை கூடப் பிரிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

அத்தை, 8:50
பாவம் பிள்ளை. ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. விசேஷம் என்றால் புதுத்துணியில் மஞ்சள் தடவித்தானே கொடுப்போம். ஒருத்தி உடுத்தியதைக் கொடுத்தால் வாங்குகிற பெண்ணுக்குச் சங்கடமாக இருக்காதா?

அண்ணி, 9:05
நானும் அதை யோசித்தேன் அத்தை. இங்கே பிரின்சஸ் ப்ராஜெக்ட் என்று ஒன்று 2002இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. அங்கே பையில் போட்டு "இந்தா" என்று கையில் திணிப்பதில்லை. துணிக்கடை மாதிரி அளவுவாரியாக மாட்டி வைத்திருப்பார்கள், கூட ஒரு தன்னார்வலர் நிற்பார், பெண் பிடித்ததை எல்லாம் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நின்று, தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வாள். காசு கிடையாது. தானே எடுத்த துணியில் சங்கடம் குறையும் என்று நம்புகிறேன்.
ஃப்ளோரிடாவில் ரெபெக்கா கர்ட்மன் என்ற பள்ளி மாணவி 2003இல் இப்படி 250க்கு மேல் கவுன்கள் சேர்த்துக் கொடுத்தாள். அதே வருடம் ஆகஸ்டில் கார் விபத்தில் போய்விட்டாள், 16 வயது. அவள் பெயரில் பெக்காஸ் க்ளாசெட் என்று அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். நம் பாப்பா வயதுப் பிள்ளை அத்தை.

அத்தை, 9:11
கேட்கவே வயிற்றைப் பிசைகிறது. சரி, நல்லபடியாகச் செய்.

சித்தி (சன்னிவேல்), 9:30
என் பெண்ணுடைய சிவப்பு கவுன் இருக்கிறது, சைஸ் 18. அவ்வளவு பெரிது யாருக்கு வேண்டும் என்றுதான் எடுக்காமல் இருந்தேன். ஜிப் வேறு பாதியில் நிற்கிறது.

அண்ணி, 9:33
ஐயோ சித்தி, அதைத்தான் முதலில் கொண்டுவாருங்கள்! பெரிய சைஸ்தான் எப்போதும் பற்றாக்குறை. உடம்பு பருத்த பிள்ளை ஆசையாக வந்து இரண்டே இரண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது.

அத்தை, 9:40
முப்பது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் சொல்கிறேன். ஜிப் பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து மேலும் கீழும் நாலு தரம் இழுத்துப் பார், ஓடும். ஓடாவிட்டால் புது ஜிப் வைத்துவிடு. ஜமிக்கி உதிர்ந்த இடம் இருந்தால் அதே நிற நூலில் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுத் தை, ஒரே ஓட்டமாக ஓட்டினால் ஒன்று அறுந்தால் வரிசையே கொட்டிவிடும். அக்குள் பக்கம் வியர்வைக் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

பாப்பா, 9:46
பாட்டி, இந்த மே மாதம் எனக்கு ப்ராம். கவுன் இரண்டு அங்குலம் நீளம், கடையில் வெட்டித் தைக்கிறேன் என்கிறார்கள்.

அத்தை, 9:48
வெட்டவே விடாதே! உள்ளே மடித்துக் கையால் ஹெம்மிங் போடச் சொல். உனக்குப் பிறகு போடுகிற பெண் உயரமாக இருந்தால் பிரித்துவிட்டுக்கொள்வாள்.

பாப்பா, 9:49
சரி பாட்டி, அப்படியே சொல்லிவிடுகிறேன்.

மாமா (சான் ஹோசே), 10:02
பையனுடைய கறுப்பு சூட்டு இருக்கிறது, எடுப்பார்களா?

அண்ணி, 10:06
கேட்டுச் சொல்கிறேன் மாமா, டிரை க்ளீனிங் மட்டும் இப்போதே கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை காலை 10 மணிக்குள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வரட்டும். மடிக்காமல் ஹேங்கரோடு கொண்டுவாருங்கள், கைப்பை, செருப்பு, கல் வைத்த தோடு இருந்தாலும் சேர்த்து. அந்த மயில் கழுத்து கவுனை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பெண் இந்த வருடம் 12ஆவது, பாப்பா இன்றைக்கு அவளிடம் பேசப் போகிறாள்.