மாணவர் அனிமேஷன் படங்கள்: அனுமதி யாரிடம் கேட்பது?

புடாபெஸ்டில் இருக்கிறேன். அடுத்த மாதக் கடைசியில் நண்பர்கள் 30 பேருக்கு ஒரு மணி நேரம் புது ஹங்கேரி அனிமேஷன் குறும்படங்கள் போட்டுக் காட்ட வேண்டும். டிக்கெட் கிடையாது, ஆனாலும் அனுமதி வாங்காமல் போட மனசு வரவில்லை.

ஃப்ளோரா அன்னா புடாவின் ‘27’, 2023இல் கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கப்பனை விருது வாங்கியது, பிரான்ஸோடு கூட்டுத் தயாரிப்பு என்பதால் அதை விநியோகஸ்தர் வழியாகக் கேட்டிருக்கிறேன், மூன்று வாரமாகப் பதில் இல்லை. சரி, அது போகட்டும். எனக்கு முக்கியம் ரேகா புச்சியின் ‘சிம்பொனி நம்பர் 42’ (47 குட்டிக் காட்சிகள், என்ன கற்பனை!) மாதிரி, இங்குள்ள கலை, வடிவமைப்புப் பல்கலைக்கழகமான மோமெயின் (MOME) பட்டப்படிப்புப் படங்கள்தான். இயக்குநர்கள் இரண்டு பேருக்கு இன்ஸ்டாகிராமில் எழுதியும் பார்த்தேன், இன்னும் திறக்கவே இல்லை.

இந்த மாணவர் படங்களுக்குத் திரையிடும் உரிமை இயக்குநரிடம் இருக்குமா, பல்கலைக்கழகத்திடமா?