ஃபுர்சத்கஞ்ச் எந்த மாவட்டம்?

ஓடுதளம்: "விமானி ஆக வேண்டுமா, ரேபரேலிக்குப் போங்கள்" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. விமானிப் பயிற்சி தரும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருப்பது உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில். அது அமேதி மாவட்டம். தெரியாவிட்டால் எழுதாதீர்கள்.

நெல்லைச்சிட்டு: எழுதியது நான்தான் சார். 1985இல் அகாடமியை நிறுவியபோது அது ரேபரேலி மாவட்டம். அமேதி மாவட்டம் பிறந்ததே 2010இல். பக்கத்தில் இருக்கிற பெரிய ஊரும் ரேபரேலிதான்.

ஓடுதளம்: 1985இல் என் வீடு செங்கல்பட்டு மாவட்டம். இன்றும் அப்படியா விலாசம் எழுதுகிறேன்? அமேதி.

நெல்லைச்சிட்டு: பெயரைப் பாருங்கள். இந்திராவின் தொகுதி எது? ரேபரேலி!

ஓடுதளம்: அப்போது பிரதமர் ராஜீவ். இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியாக இருந்தவர். அவர் தொகுதி எது? அமேதி!

கோவைக்காரி: அண்ணா, மாவட்டத்தை விடுங்கள். அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் எடுத்துப் படித்தவன். அங்கே பறப்பது எப்படி இருக்கும்?

ஓடுதளம்: வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும் அம்மா. முதலில் ஒற்றை எஞ்சின் விமானமான டைமண்ட் டி.ஏ. 40, அப்புறம் இரட்டை எஞ்சின் டி.ஏ. 42. விண்ணப்பிக்கும்போது அமேதி என்று தேடச் சொல்லுங்கள்.

பனைமரம்: டிசம்பர், ஜனவரி மூடுபனியை ஏன் சொல்லவில்லை? கங்கைச் சமவெளியில் காலையில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. பையன்கள் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதற்கு நம் தெற்கு எவ்வளவோ மேல்.

ஓடுதளம்: தம்பி, தெற்கில் மழையே பெய்யாதா? சோழவரத்தில் விமான ஓடுதளமே இருந்ததில்லை, அது கார் பந்தயத் திடல்தான் என்று சாதித்தவர் நீங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட ஓடுதளத்தில்தான் அந்தப் பந்தயமே நடந்தது. அதற்கு இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பனைமரம்: பேச்சு மூடுபனியைப் பற்றி. சோழவரத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

நெல்லைச்சிட்டு: அவரிடம் பதில் இல்லை, அதனால் இழுக்கிறார். ஃபுர்சத்கஞ்ச் ரயில் நிலையத்துக்கு 2024இல் தபேஷ்வர்நாத் தாம் என்று பெயர் மாற்றினார்கள். இன்றைய பெயர்தான் செல்லும் என்றால், நீங்களும் ஃபுர்சத்கஞ்ச் என்று எழுதக் கூடாது.

ஓடுதளம்: மாறியது நிலையத்தின் பெயர், ஊரின் பெயர் இல்லை. மாவட்டம் மாறியது மாறியதுதான். அமேதி.

கோவைக்காரி: அண்ணா, நுழைவுத் தேர்வு பற்றி யாராவது சொல்லுங்களேன்?

நெல்லைச்சிட்டு: ரேபரேலி என்று நான் எழுதியதை மாற்றப் போவதில்லை சார்.

ஓடுதளம்: மாற்றும்வரை நானும் விடப் போவதில்லை.