அரியோலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (கள்ளி வளர்ப்புக் கையேடு, அவசரம்)

க. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் கள்ளி (காக்டஸ்) வளர்ப்பவர்களுக்கான சிறு கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் ஓடிவிட்டது, 'அரியோல்' என்ற சொல்லில் வந்து நிற்கிறேன். கள்ளியின் உடம்பில் வரிசை வரிசையாகப் பஞ்சு படர்ந்த சிறு திட்டுகள் இருக்கின்றன அல்லவா, முள் கொத்தாகக் கிளம்பும் இடம், அதுதான். ஒரு தடவை வந்தால் சுற்றி வளைத்து எழுதிவிடலாம். இது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பூ வருவது அங்கே, கன்று முளைப்பது அங்கே, மாவுப்பூச்சி ஒளிவதும் அங்கே. இப்போதைக்கு 'முள்மெத்தை' என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. உதவுங்கள்.

தா. எழுதியது:

தம்பி க., முதலில் புணர்ச்சி. நன்னூல் விதிப்படி ளகரத்துக்குப் பின் மெல்லினம் வந்தால் ளகரம் ணகரமாகும். முள் + மெத்தை = முண்மெத்தை. கலைச்சொல் படைக்க உட்கார்ந்தால் இதில் தளர்வு கூடாது.

இரண்டாவது, கையேட்டின் தலைப்பே தவறு என்பது என் கருத்து. 'கள்' என்ற வேர் வடியும் நீர்ப்பொருளைக் குறிப்பது. பால் வடிப்பதால் அது கள்ளி என்பேன். குறுந்தொகையின் 16ஆம் பாடலில் தலைவன் கடந்துபோகும் 'அங்காற் கள்ளியங் காடு' பால் வடியும் நம் கள்ளிக் காடுதான். அமெரிக்கக் கண்டத்துச் செடி அங்கே எப்படி வந்திருக்கும்? பால் இல்லாத செடியைக் கள்ளி என்று எழுதினால், அந்தப் பாட்டைப் படிக்கும் பிள்ளையின் மனத்தில் தவறான செடி முளைக்கும். அரியோலுக்குப் பெயர் வைக்கும் முன் செடிக்குப் பெயர் வையுங்கள்.

சோ. எழுதியது:

தா. ஐயா சொல்வதில் பாதி சரி. பாட்டில் உள்ளது யூபோர்பியா, அதாவது பால் வடியும் செடிகளின் இனம், அதில் ஐயமில்லை. தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் ஒரு யூபோர்பியாவுக்குத் 'திருக்கள்ளி' என்றே பெயர் வைத்தார். மலபார் கடற்கரைத் தாவரங்களைப் பற்றி 17ஆம் நூற்றாண்டில் வந்த பெருநூலிலிருந்து எடுத்த பெயர் அது.

ஆனால் 'காக்டஸ்' என்ற பெயரின் கதையும் இதேதான். கிரேக்கத்தில் அது சிசிலித் தீவின் வேறொரு முட்செடியைக் குறித்தது. 1753இல் லின்னேயஸ் அதை எடுத்துப் புதிய கண்டத்துச் செடிகளுக்குச் சூட்டிவிட்டார். அவர்கள் பெயர் இடம் மாறலாம், நம் பெயர் மாறக்கூடாதா? 'சப்பாத்திக்கள்ளி' என்று நாம் சொல்லிப் பழகி எவ்வளவு காலமாகிறது! தலைப்பு இருக்கட்டும்.

கேட்ட சொல்லுக்கு வருகிறேன். அரியோல் மெத்தையும் அல்ல, முள்ளுக்கு மட்டும் உரியதும் அல்ல. அது ஓர் இலைக்கோண மொட்டு (இலை தண்டோடு சேரும் இடுக்கில் வரும் மொட்டு), நீளாமல் குறுகிப்போன ஒரு கிளை. அந்தக் கிளையின் இலைகள்தான் முள்ளாகியிருக்கின்றன. அதனால்தான் அதே இடத்திலிருந்து பூவும் கன்றும் வருகின்றன. அஸ்ட்ரோஃபைட்டம் அஸ்டீரியாஸ் என்ற கள்ளிக்கு முள்ளே கிடையாது, அரியோல் மட்டும் வெள்ளைப் பொட்டாக வரிசையில் இருக்கும். 'முள்' என்று தொடங்கும் எந்தச் சொல்லும் அங்கே பொய்யாகிவிடும். 'முளைக்கண்' என்று வைக்கலாம்.

வ. எழுதியது:

இலக்கணம் எனக்கு ஓரளவுதான் தெரியும். கள்ளி நிறைய வளர்க்கிறேன். இந்தச் சொல் எதற்கு வேண்டும் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் முடிவு செய்யுங்கள்.

முதல் வேலை அடையாளம். பால் வந்தால் யூபோர்பியா, வராவிட்டால் காக்டஸ் என்று பலர் சொல்கிறார்கள். அதை நம்ப முடியாது. மாமில்லேரியா என்ற காக்டஸ் இனத்தில் பல வகைகளைக் கீறினால் வெள்ளைப் பால் வரும். (தா. ஐயா கணக்கில் அவை மட்டும் கள்ளியா?) அரியோல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உறுதியான வழி. இலை விடும் பெரெஸ்கியா என்ற காக்டஸுக்கும் அது உண்டு, யூபோர்பியாவுக்குக் கிடையாது. இது ஏட்டு வேறுபாடு என்று நினைக்காதீர்கள். யூபோர்பியாவின் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. வெட்டிப் பதியன் போடுபவர் கையில் இருப்பது எது என்று தெரிந்துகொண்டே கத்தியை எடுக்க வேண்டும்.

இரண்டாவது மாவுப்பூச்சி. அரியோலில் இயல்பாகவே வெள்ளைப் பஞ்சு இருக்கும், பூச்சியும் வெள்ளைப் பஞ்சு. புதிதாக வளர்ப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். அரியோல் பஞ்சு எல்லாத் திட்டிலும் ஒரே சீராக, திட்டுக்குள் அடங்கி இருக்கும். பூச்சி அங்கொன்றும் இங்கொன்றுமாக, திட்டைத் தாண்டி முள்ளின் அடியிலும் விலா மடிப்பிலும் ஒட்டும். தொட்டால் பிசுபிசுக்கும். சிறு தூரிகையை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொரு திட்டாகத் தொட்டுவைக்க வேண்டும். அது காயும்வரை செடி வெயிலில் நிற்கக்கூடாது.

மூன்றாவது தண்ணீர். உச்சியில் புதிய அரியோல்கள் பஞ்சோடும் நிறம் மங்காத முள்ளோடும் வந்துகொண்டிருந்தால் செடி வளர்கிறது. மண் முழுக்கக் காய்ந்ததும் நன்றாக ஊற்றலாம். உச்சி அப்படியே நின்றுவிட்டால் ஓய்வில் இருக்கிறது. அப்போதும் ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் அழுகும். என்னைக் கேட்டால் கையேட்டில் மிக முக்கியமான பக்கம் இதுதான். "உச்சி முண்மெத்தைகளைக் கவனியுங்கள்" என்று எழுதினால் யார் கவனிப்பார்கள்?

ம. எழுதியது:

வ. அக்கா சொன்னதை அப்படியே கையேட்டில் சேர்த்துவிடலாம். நான் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். 'முண்மெத்தை' என்றால் பிள்ளைகள் முள்ளைத் தேட மாட்டார்கள், 'முண்' என்றால் என்ன என்றுதான் கேட்பார்கள். 'முளைக்கண்' கருத்தளவில் அருமை. ஆனால் வாய்விட்டுப் படிக்கும்போது ள, ல வேறுபாடு பல நாக்குகளில் நிற்காது. 'முலைக்கண்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அரியோலின் லத்தீன் மூலமும் உடற்கூறியலில் ஏறத்தாழ அந்த இடத்தையே குறிப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். வகுப்பில் என்னால் எழுதிப்போட முடியாது.

'கண்' மட்டும் போதாதா? உருளைக்கிழங்கில் முளை வரும் இடத்தைக் கண் என்றுதான் சொல்கிறோம். அதுவும் இலைக்கோண மொட்டுதானே, சோ. ஐயா?

தா. எழுதியது:

'கண்' கேட்டு மகிழ்ந்தேன். இதை இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும். லத்தீனில் மூலச்சொல்லின் பொருள் 'சிறு வெளி', 'சிற்றிடம்'. தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்குச் சொல்லும் உருபு எது? கண். பொருள் என்ன? இடம். ஆக, அரியோலும் கண்ணும் பொருளால் ஒன்று! முரசில் அடிபடும் இடம் கண். மயிற்பீலியில் உள்ளது கண். கரும்பின் கணுவும் அந்த வேரே. இடம், துளை, முளைவாய் என எல்லாவற்றையும் ஒரு வேர் தாங்குகிறது.

இதோடு சப்பாத்திக்கள்ளி பற்றியும் ஒன்று. அதைத் தின்னும் சப்பாத்தியோடு சேர்க்க எனக்கு மனமில்லை. 'சப்பாத்துக்கள்ளி' என்றும் ஒரு வழக்கு உண்டு. சப்பாத்து என்பது செருப்பைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல். அந்தச் செடியின் தட்டு செருப்பின் அடிப்பகுதி வடிவில் இருப்பதைப் பாருங்கள். 'சப்பை', 'சப்பட்டை' என்ற நம் சொற்களையும் விட்டுவிடக் கூடாது.

க. எழுதியது:

ஐயா, சப்பாத்துக்குத் தனி இழை தொடங்கலாமே. இன்று புதன்கிழமை.

> 'கண்' மட்டும் போதாதா?

தனியாகப் போட்டால் ஓரிடத்தில் இடிக்கிறது. "கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று யூபோர்பியாப் பாலைப் பற்றி எழுதியிருக்கிறேன். அடுத்த பத்தியில் "கண்ணில் ஆல்கஹாலைத் தொட்டுவையுங்கள்" என்று வந்தால் விபரீதமாகிவிடும். முன்னொட்டு கட்டாயம் வேண்டும். 'முட்கண்' என்றால் என்ன? முள் + கண், புணர்ச்சியும் கெடாது.

இன்னொன்று, ஒப்பன்ஷியாவின் (சப்பாத்திக்கள்ளி இனம்) திட்டில் பெரிய முள்ளோடு மயிரளவு நுண்முட்கள் கொத்தாக இருக்கின்றனவே, 'குளோகிட்'. தொட்டாலே கழன்று தோலில் ஏறிவிடும். நுனியில் பின்னோக்கிய கொக்கிகள் இருப்பதால் எளிதில் வராது. அதற்கு?

வ. எழுதியது:

சுணை. வேறென்ன? செடியில் இருக்கும் மெல்லிய அரிப்பு முடிக்கு அதுதானே பெயர். கையில் ஏறிவிட்டால் தேய்க்காமல் நல்ல வெளிச்சத்தில் இடுக்கியால் எடுக்க வேண்டும் என்றும் சேர்த்துவிடுங்கள்.

தா. எழுதியது:

சுணை மிகச் சரி. ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டாம்.

சோ. எழுதியது:

சுணைக்கு என் ஒப்புதலும். முட்கண்ணுக்கு இல்லை. முள்ளில்லாத செடியில் முட்கண் எங்கே என்று ஒருவர் கேட்டால் கையேடு என்ன பதில் சொல்லும்? 'அரும்புக்கண்' என்று வையுங்கள். ள, ல சிக்கலும் இல்லை, முள், பூ, கன்று மூன்றுக்கும் பொருந்தும்.

ம. எழுதியது:

அரும்பு என்றால் பூ மொட்டு என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு திட்டிலும் பூ வரும் என்று காத்திருப்பார்கள். மிகப் பெரும்பாலான கள்ளிகளில் முதலில் கண்ணில் படுவது முள். அதை வைத்து இடத்தைக் காட்டிவிட்டு, முள்ளில்லாதவற்றை விதிவிலக்காகச் சொல்லலாம். என் ஓட்டு முட்கண்ணுக்கு.

வ. எழுதியது:

எனக்கும் முட்கண் போதும். செடியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன், நாக்கில் நிற்கிறது.

க. எழுதியது:

நேரமில்லை, முட்கண் என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் இந்த வரி: "முட்கண்: கள்ளியின் உடலில் பஞ்சு படர்ந்த சிறு திட்டு, முள், பூ, கன்று மூன்றும் கிளம்பும் இடம். சில வகைகளில் முள் இல்லாமலும் இருக்கும்." சோ. ஐயா மன்னிக்கவும்.

சோ. எழுதியது:

மன்னிப்பு எதற்கு, அச்சுக்குப் போகட்டும். என் பாடக்குறிப்புகளில் அரும்புக்கண் என்றே எழுதுவேன். ஆனால் அந்த வரியில் பூவைப் பற்றிச் சொன்னது மாமில்லேரியாவுக்கு அப்படியே பொருந்தாது. அங்கே உடல் முழுக்கச் சிறு முகடுகள் இருக்கும், முள் முகட்டின் நுனியில் வரும், பூ முகடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் வரும். ஒரே அரியோல் இரண்டாகப் பிரிந்த நிலை அது. வீட்டில் பலரும் வளர்க்கும் இனம் அது. ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள்.

தா. எழுதியது:

அட்டை அச்சேறும் முன் தலைப்பை மறுபடி எண்ணிப் பாருங்கள், தம்பி. 'கள்ளி'யை நான் இன்னும் ஏற்கவில்லை.